கம்பி ஏறிய மலை – 14: பொய்ப் பதில் வந்த சனிக்கிழமை

2021 பெப்ரவரி 5, வெள்ளிக்கிழமை. ஹட்டன், தலவாக்கலை, பொகவந்தலாவை, மஸ்கெலியா, நுவரெலியா எனத் தோட்டம் தோட்டமாக, காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்களம் வெறிச்சோடிக் கிடந்தது. நாட்சம்பளம் ஆயிரம் ரூபாய் வேண்டும் என்று ஒருநாள் அடையாள வேலைநிறுத்தம். பல வருடங்களாகக் கேட்டுக் கேட்டுத் தேய்ந்துபோன கோரிக்கை அது. அன்று மலைநாடு முழுவதும் ஒரே குரலில் அதைத் திரும்பவும் கேட்டது.

மறுநாள் சனிக்கிழமை, வேறொரு சங்கதி நடந்தது. ‘டொட் எல்.கே.’ என்று முடியும் சில இணைய முகவரிகள் தடம் மாறின. கூகுளின் இலங்கை முகவரியும் ஒரக்கிள் நிறுவனத்தின் இலங்கை முகவரியும் அவற்றில் இருந்தன. எழுத்துப் பிசகாமல் முகவரியைத் தட்டியவர்களும் முன்பின் தெரியாத ஒரு பக்கத்தில் போய் இறங்கினார்கள். நாட்டின் குறைகள் அதில் வரிசையாக எழுதப்பட்டிருந்தன. ஊடகச் சுதந்திரம், அரசியல்வாதிகளின் ஊழல், நீதித்துறை, சிறுபான்மையினர் படும் பாடு. அவற்றோடு தேயிலைத் தோட்டத் துறையின் பிரச்சினைகளும். சில மணி நேரத்தில் எல்லாம் சீர்செய்யப்பட்டு, முகவரிகள் பழைய இடத்துக்குத் திரும்பின.

இந்தத் தொடரில் இதுவரை தந்தியையும், 1884இல் ஹட்டனை எட்டிய ரயிலையும், தோட்டத்துத் தபாலையும் பார்த்து வந்தோம். அந்தச் சனிக்கிழமையை இந்த வரிசையில் வைப்பதற்குக் காரணம் உண்டு. தோட்டத்து மக்களின் பிரச்சினையை உலகின் கண்ணில் படவைக்க யாரோ ஒருவர் இணையத்தின் அடிவாரத்தையே அசைத்துப் பார்த்த நாள் அது. அந்த அடிவாரம் எதனால் கட்டப்பட்டது, அதில் எத்தனை ஓட்டைகள் இருந்தன, யார் அடைத்தார்கள், அடைத்த வேலை நம் மலைக்கு வந்து சேர்ந்ததா என்பதுதான் இந்த அத்தியாயம்.

அன்று கூகுளின் கணினிகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. ‘அந்தப் பெயருக்கு உரிய இடம் எது?’ என்ற கேள்விக்கு வந்த பதில்தான் மாறியிருந்தது. நாம் தட்டும் பெயரைக் கணினிக்குப் புரியும் எண்ணாக மாற்றித் தருவது டி.என்.எஸ். என்ற பெயர் அமைப்பு. இணையத்தில் எந்தக் காரியமும் அந்த ஒரு கேள்வியில்தான் தொடங்குகிறது.

மலைநாட்டு வாசகருக்கு இதைச் சொல்ல லயத்துத் தபாலே போதும். லயத்துக் காம்பராவுக்குத் தனி முகவரி கிடையாது. கடிதம் தோட்டத்தின் பெயருக்கு வரும், ஆபீஸில் பிரிப்பார்கள், அங்கிருந்து கை மாறிக் கை மாறி லயத்துக்கு வரும். நேர்முகத் தேர்வுக் கடிதம் தேர்வு முடிந்த பிறகு கைக்கு வந்து வேலையை இழந்த பிள்ளைகள் எத்தனையோ பேர். வீட்டில் இருக்கும் ரவுட்டர் இந்தத் தோட்டத்து ஆபீஸின் வேலையைத்தான் பார்க்கிறது. உள்ளே இருக்கும் போன் ஒரு பெயரைக் கேட்டால், ரவுட்டர் அந்தக் கேள்வியை வெளியே அனுப்புகிறது. பதில் வந்ததும் கேட்டவரிடம் கொடுக்கிறது. அடுத்த முறை வெளியே போகாமலிருக்க, வந்த பதிலைத் தன்னிடமும் எழுதி வைத்துக்கொள்கிறது. உண்மையான பதில் வருவதற்கு முன்னால் யாராவது ஒரு போலிக் கடிதத்தை ஆபீஸ் பைக்குள் போட்டுவிட்டால்? ஆபீஸ் அதையே ஏட்டில் பதிந்துவிடும். பிறகு கேட்கும் எல்லோருக்கும் அதே பொய்தான் போகும். பொறியாளர்கள் இதை ஏட்டில் நஞ்சு கலப்பது என்பார்கள்.

இந்தப் பெயர் அமைப்பை 1983இல் வடிவமைத்தவர் அமெரிக்கரான போல் மொக்கபெட்ரிஸ். அதற்கு முன்பு இணையத்தின் மொத்தப் பெயர்களும் ஒரேயொரு கோப்பில் இருந்தன. கலிபோர்னியாவில் ஓர் ஆய்வு நிறுவனம் அதைப் பராமரித்தது. 1984இல் பெர்க்லி பல்கலைக்கழக மாணவர் நால்வர் இந்த அமைப்புக்கான நிரலை எழுதினார்கள். ‘பைண்ட்’ என்ற அந்தத் திறந்த மூல மென்பொருள் இன்றும் உலகெங்கும் ஓடுகிறது. இலங்கைக்குரிய ‘எல்.கே.’ 1990இல் பதிவாகி, மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தாரின் பொறுப்பில் வளர்ந்தது. ‘டொட் இலங்கை’ என்று தமிழிலேயே முகவரி வைக்கும் வசதி 2010இல் வந்தது.

அக்காலத்து இணையத்தில் ஆளுக்கு ஆள் நம்பிக்கை இருந்தது. வந்த பதில் சரியான இடத்திலிருந்துதான் வந்ததா என்று சோதிக்க ஒரு சிறு எண் மட்டும் வைத்தார்கள். கேள்வியில் ஓர் எண். பதிலிலும் அதே எண் இருக்க வேண்டும். 65,536 எண்களில் ஒன்று. 1983இல் அது போதும் என்று தோன்றியிருக்கிறது.

1997 ஜூலையில் யூஜின் காஷ்புரெஃப் என்ற அமெரிக்கர் இந்த அமைப்பை ஏமாற்றினார். பெயர்ப் பதிவு முழுவதும் ஒரே கம்பனியின் கையில் இருக்கிறது என்பது அவருடைய கோபம். அந்தக் கம்பனி நடத்திய ‘இன்டர்நிக்’ தளத்தைத் தேடிப் போனவர்களைத் தன் சொந்தப் பதிவகத்தின் பக்கத்துக்குத் திருப்பிவிட்டார். எதிர்ப்பைக் காட்டுவதற்காகச் செய்தேன் என்றார். கனடாவில் கைதானார், 1998இல் குற்றத்தை ஒப்புக்கொண்டார். இலங்கையில் நடந்ததற்கு 24 வருடங்களுக்கு முன்பே, எதிர்ப்புக்காகப் பெயரேட்டைத் திருப்பும் வேலை நடந்திருக்கிறது.

பெரிய அதிர்ச்சி 2008இல் வந்தது. டான் காமின்ஸ்கி என்ற இளைஞர் கண்டுபிடித்ததை நிதானமாகப் பார்க்க வேண்டும். இதற்குப் பின் வந்தவை எல்லாம் அதன் கிளைகள். அதுவரை போலிப் பதில் அனுப்புகிறவருக்கு வாய்ப்பு அபூர்வமாகவே கிடைத்தது. ஒரு முறை தோற்றால், உண்மையான பதில் ஏட்டில் ஏறிவிடும். அது காலாவதியாகும் வரை மணிக்கணக்கில், நாட்கணக்கில் காத்திருக்க வேண்டும். காமின்ஸ்கி அந்தக் காத்திருப்பையே இல்லாமல் செய்தார். இல்லாத ஒரு பெயரைக் கேட்கவைத்தால், அது ஏட்டில் இருக்காது. கேள்வி கட்டாயம் வெளியே போகும். தோற்றால் இல்லாத இன்னொரு பெயர். அதுவும் தோற்றால் மற்றொன்று. ஒவ்வொரு முறையும் போலிப் பதிலின் வாலில், ‘இந்தத் தளம் முழுவதற்கும் பொறுப்பான கணினி இதோ இங்கே இருக்கிறது’ என்று ஒரு பொய்க் குறிப்பைக் கட்டி அனுப்பலாம். ஒரேயொரு முறை எண் பொருந்தினால் போதும். அந்தத் தளமே கைமாறிவிடும்.

காமின்ஸ்கி இதை விற்றிருந்தால் பெரும் பணம் பார்த்திருக்கலாம். அவர் செய்தது வேறு. விஷயத்தைப் பொறுப்பானவர்களிடம் இரகசியமாகச் சொன்னார். 2008 மார்ச் 31ஆம் திகதி மைக்ரோசொஃப்ட் வளாகத்தில் 16 நிபுணர்கள் கூடினார்கள். போட்டிக் கம்பனிகள் மாதக்கணக்கில் வாயைத் திறக்காமல் ஒன்றாக வேலை செய்து, ஜூலை 8ஆம் திகதி ஒரே நாளில் திருத்தங்களை வெளியிட்டன. திருத்தம் எளிமையானது. எண்ணோடு, கேள்வி புறப்படும் வாசலையும் (பொறியாளர்கள் ‘போர்ட்’ என்பார்கள்) ஒவ்வொரு முறையும் மாற்றிக்கொள்வது. ஊகிக்க வேண்டிய சாத்தியங்கள் அறுபத்தையாயிரத்திலிருந்து 400 கோடிக்கு மேல் போயின. ஓட்டையைக் கண்டவர் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. காமின்ஸ்கி 2021 ஏப்ரலில் தன் 42ஆவது வயதில் இறந்தார்.

பெரிய கணினிகள் இப்படிக் காவல் போட்டுக்கொண்டன. வீட்டு ரவுட்டர்களின் கதை வேறு.

சிறிய ரவுட்டர்களுக்குள் பெரும்பாலும் ஓடுவது ‘டி.என்.எஸ்.மாஸ்க்’ என்ற சிறு திறந்த மூல மென்பொருள். இங்கிலாந்தின் சைமன் கெல்லி அதை எழுதி, இருபது வருடங்களுக்கும் மேலாகப் பெரும்பாலும் தனி ஆளாகப் பராமரித்து வருகிறார். உலகின் பெரிய ரவுட்டர் கம்பனிகள் இலவசமாக எடுத்துத் தங்கள் பெட்டிகளுக்குள் வைத்து விற்றது அவருடைய உழைப்பைத்தான். அண்ட்ரொய்ட் போனில் ஹொட்ஸ்பொட் போடும்போதும் பல வருடங்கள் அதுவே வேலை செய்தது. 2020 மார்ச்சில் கொவிட் காரணமாகப் பாடசாலைகள் மூடப்பட்டபோது, அப்பாவின் ஒரு போனைச் சுற்றி மூன்று பிள்ளைகள் உட்கார்ந்த காம்பராக்களிலும், சிக்னல் தேடித் தேயிலை மலையில் ஏறிய இடங்களிலும், அந்த ஆங்கிலேயரின் நிரல் யாருக்கும் தெரியாமல் ஓடியிருக்கலாம்.

2017 ஒக்டோபரில் கூகுளின் பாதுகாப்புக் குழு அந்த நிரலில் ஏழு ஓட்டைகளை அறிவித்தது. 2021 ஜனவரி 19ஆம் திகதி, இஸ்ரேலின் ஜே.எஸ்.ஓ.எஃப். என்ற ஆய்வுக் குழு இன்னும் ஏழு ஓட்டைகளை அறிவித்தது. அவற்றுக்கு ‘டி.என்.எஸ்.ஸ்பூக்’ என்று பெயர் வைத்தார்கள். நான்கு, நினைவகம் வழிந்து நிரலையே குழப்பும் வகை. மூன்று, ஏட்டில் நஞ்சு கலக்க வழிவிடும் வகை. இந்த மூன்றும் காமின்ஸ்கிக்குப் பிறகு போட்ட காவலைப் பகுதி பகுதியாகக் கழற்றிவிட்டன.

எப்படி? கேள்வி எந்த வாசலால் போனதோ அதே வாசலால் பதில் வர வேண்டும் என்பது காவலின் உயிர். டி.என்.எஸ்.மாஸ்க் 64 வாசல்களைத் திறந்து வைத்து, எந்த வாசலால் எந்தக் கேள்விக்கான பதில் வந்தாலும் ஏற்றுக்கொண்டது. பதில் எந்தக் கேள்விக்குரியது என்று ஒப்பிட, முழுக் கேள்வியையும் வைத்திராமல், அதன் சுருக்கக் குறி ஒன்றை மட்டும் வைத்திருந்தது. அந்தக் குறி, தற்செயலான பிழைகளைப் பிடிக்க மட்டுமே உகந்தது. வேண்டுமென்றே ஏமாற்ற வருகிறவர் அதே குறி வரும்படி வேறு கேள்விகளைத் தயாரித்துவிடலாம். ஒரே பெயரைப் பலர் கேட்டால், பல கேள்விகளாகத் தனித்தனியே வெளியே அனுப்பியது. ஒவ்வொன்றும் ஏமாற்றுகிறவருக்கு இன்னொரு வாய்ப்பு. தனித்தனியே பார்த்தால் ஒவ்வொன்றும் சின்னச் சலுகைதான். மூன்றும் சேர்ந்தால், பல கோடியாக இருந்த ஊகம் சில நிமிட வேலையாகச் சுருங்கியது. சிறிய பெட்டியில் நினைவகம் குறைவு, வேகம் முக்கியம் என்று பல வருடங்களுக்கு முன் செய்த சிக்கனங்கள், ஒன்றோடொன்று கைகோத்து இப்படி ஆயின.

கெல்லி உடனே 2.83 என்ற பதிப்பை வெளியிட்டார். பழைய குறி போய் வலுவான குறி வந்தது, வாசல்கள் கறாராயின. ஆனால் ஏறத்தாழ 40 கம்பனிகளின் பெட்டிகளில் இந்த நிரல் இருப்பதாக ஆய்வாளர்கள் பட்டியலிட்டிருந்தார்கள். கெல்லி திருத்தினால் போதாது. ஒவ்வொரு கம்பனியும் அதை எடுத்துத் தன் பெட்டிக்கேற்றபடி தைக்க வேண்டும். இணைப்புத் தருகிறவர் அதை வாடிக்கையாளரின் வீட்டுக்கு அனுப்ப வேண்டும். அல்லது வீட்டுக்காரர் தானே ஏற்ற வேண்டும். ஐந்தாறு வருடம் பழைய பெட்டிக்குக் கம்பனிகள் திருத்தம் தருவதையே நிறுத்திவிடும்.

ஜனவரி 19க்கும் பெப்ரவரி 6க்கும் நடுவே மூன்று வாரம்கூட இல்லை. அதை வைத்து இரண்டையும் முடிச்சுப் போட்டுவிடக் கூடாது. டி.என்.எஸ்.ஸ்பூக் ஏமாற்றுவது ஒரு வீட்டின், ஓர் அலுவலகத்தின் ஏட்டை. எல்.கே. சம்பவமோ பெயர்ச்சொந்தக்காரரின் பதிவே திசைமாறி, நாடு முழுவதும் தெரிந்த சம்பவம். இரண்டுக்கும் பொதுவான ஒன்று உண்டு: முகவரியைச் சரியாகத் தட்டிய மனிதர் எந்தத் தவறும் செய்யாமலே ஏமாறுகிறார். அதனால்தான் இந்த வகை ஓட்டைகளை நான் மற்றவற்றைவிட அபாயமானவையாகக் கருதுகிறேன். கடவுச்சொல்லைப் பிறரிடம் சொல்லாதே, சந்தேகமான இணைப்பைத் தொடாதே என்ற அறிவுரைகள் எதுவும் இங்கே உதவாது.

இதே காலத்தில் வேறு ஓட்டைகளும் வெளிவந்தன. லைப்ரரி என்று பொறியாளர்கள் சொல்லும் ஆயத்த நிரல் தொகுப்புகளில், கருவிகளை வலையோடு பேசவைக்கும் தொகுப்புகள் முக்கியமானவை. 2020 டிசம்பரில் ஃபோர்ஸ்கவுட் என்ற நிறுவனம், அத்தகைய நான்கு திறந்த மூலத் தொகுப்புகளில் 33 ஓட்டைகளைக் கண்டு ‘அம்னீஷியா 33’ என்ற பெயரில் வெளியிட்டது. சுவீடனின் ஆடம் டங்கல்ஸ் எழுதிய, மிகச் சிறிய கருவிகளுக்கான ‘யூ.ஐ.பி.’யும் அவற்றில் ஒன்று. 150க்கும் மேற்பட்ட கம்பனிகளின் கருவிகள் பாதிப்புக்குள்ளாயின.

நம் தீவும் இந்தத் திறந்த மூல உலகத்தின் நுகர்வோர் மட்டுமில்லை. சஞ்சீவ வீரவர்ண முதலானோர் 2003இல் தொடங்கிய லங்கா சொஃப்ட்வேர் பவுண்டேஷனில், வலைச் சேவைகளுக்கான ‘அப்பாச்சி அக்சிஸ்-2-சி’ என்ற லைப்ரரியை இலங்கைப் பொறியாளர்கள் எழுதினார்கள். 2004 சுனாமிக்குப் பிறகு ‘சஹானா’ என்ற அனர்த்த முகாமைத்துவ மென்பொருளும் அதே வட்டத்தில் பிறந்தது. அவர்கள் 2005இல் தொடங்கிய டபிள்யூ.எஸ்.ஓ.2 நிறுவனத்தின் திறந்த மூல மென்பொருளை உலகின் பெரிய நிறுவனங்கள் பயன்படுத்துகின்றன. 2022 ஏப்ரலில் அதிலும் கடுமையான ஓட்டை ஒன்று வெளியானது. தாய்வானின் பாதுகாப்பு ஆய்வாளரான ஒரேஞ்ச் சாய் கண்டறிந்தது அது. கடவுச்சொல் இல்லாமலே வெளியாள் ஒருவர் கோப்பை ஏற்றி அந்தக் கணினியில் நினைத்ததை ஓடவைக்கலாம். கடுமைக்கான அளவுகோலில் பத்துக்கு 9.8. நிறுவனம் அறிவிப்புக்கு முன்பே தற்காலிகத் தடுப்பையும் திருத்தத்தையும் தந்திருந்தது. அப்படியும், விவரம் பகிரங்கமான சில நாட்களுக்குள் திருத்தம் போடாத கணினிகளைத் தாக்கத் தொடங்கிவிட்டார்கள்.

திறந்த மூலம் என்றாலே ஓட்டை என்று இதைப் படித்துவிட்டு யாராவது சொல்லக்கூடும். ஆனால் 2023 ஓகஸ்டில் இலங்கை அரசின் மின்னஞ்சல் அமைப்பை மீட்புப்பணக் கும்பல் பூட்டியபோது, மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான கடிதங்கள் பறிபோயின. ஏறத்தாழ 5,000 முகவரிகள் பாதிக்கப்பட்டன. அங்கே இருந்தது மைக்ரோசொஃப்டின் காலாவதியான 2013 பதிப்பு. திறந்ததோ மூடியதோ, புதுப்பிக்காமல் விட்டதுதான் நாட்டுக்கு வினையானது.

இனி அந்தச் சனிக்கிழமைப் பக்கத்துக்கு வருகிறேன். தோட்டத் தொழிலாளரின் பிரச்சினை சொல்லப்பட்டதே, நல்லதுதானே என்று அன்று மகிழ்ந்தவர்கள் உண்டு. எனக்கு அந்த மகிழ்ச்சி வரவில்லை. ஆயிரம் ரூபாய்க் கோரிக்கைக்குச் சொந்தக்காரர்கள் இருந்தார்கள். 2018 ஒக்டோபர் 24, போயா தினத்தில் கறுப்பு உடையோடு கொழும்பு காலிமுகத்திடலில் திரண்ட மலையக இளைஞர்கள் தங்கள் முகத்தோடும் பெயரோடும் வந்தார்கள். அவர்களைத் திரட்டியதும் இணையம்தான், முகநூல்தான். 2019 ஜனவரியில் கூட்டு ஒப்பந்தம் 700 ரூபாய் அடிப்படைச் சம்பளத்தோடும் 50 ரூபாய் மேலதிகத்தோடும் நின்றது. 2021 மார்ச்சில் சம்பள நிர்ணய சபையின் வழியாக 900 ரூபாயும் 100 ரூபாய் வரவுசெலவுக் கொடுப்பனவும் வர்த்தமானியில் ஏறின. கம்பனிகள் நீதிமன்றம் போயின. பல தோட்டங்களில் ஒரு நாளில் பறிக்க வேண்டிய கொழுந்தின் கிலோ அளவு உயர்ந்தது. அதை எட்டாதவர்களுக்கு அரைப் பேர், அதாவது அரைநாள் சம்பளம். இத்தனையும் பெரட்டைப் புறக்கணித்த மக்களின் போராட்டத்தாலும் அதன் பின்னடைவுகளாலும் எழுதப்பட்ட வரலாறு. திருடிய முகவரியில் சில மணி நேரம் தெரிந்த பக்கத்துக்கு அதில் பங்கு இல்லை.

இன்னொன்றும் உண்டு. பெயரேட்டைத் திருப்பக் கற்றவர் அடுத்த முறை எழுதப்போவது எதிர்ப்பு வாசகமாகவே இருக்கும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. மத்திய கிழக்கில் வீட்டுவேலை செய்யும் தாய் அனுப்பும் பணத்தை, மகள் போனில் பார்க்கும் வங்கிப் பக்கமும் இதே கேள்வி–பதில் வழியாகத்தான் வருகிறது.

திருத்தம் எழுதப்பட்டது என்பதோடு கதை முடிந்ததாக நிபுணர்கள் எண்ணுகிறார்கள். மலைக்கு அது வந்து சேர்ந்தால்தான் முடியும். கொழும்பில் இணைப்பு விற்கும் நிறுவனங்கள் தாங்கள் கொடுத்த ரவுட்டர்களுக்கான திருத்தங்களைத் தாங்களே அனுப்ப வேண்டும். அது தயவு இல்லை, விற்ற பொருளுக்கான கடமை. தொலைத்தொடர்பு ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழு அதைக் கட்டாயமாக்க வேண்டும். 2006இல் தொடங்கிய இலங்கைக் கணினி அவசரப் பதிலளிப்புக் குழுவான ‘சேர்ட்’ வெளியிடும் எச்சரிக்கைகள் தோட்டப் பாடசாலைகளின் ஆசிரியர்களுக்குத் தமிழில் போய்ச் சேர வேண்டும்.

வாசகர்கள் செய்யக்கூடியதும் உண்டு. ரவுட்டரின் அடியில் ஒட்டியிருக்கும் மாடல் எண்ணைக் குறித்துக்கொண்டு, இணைப்புத் தந்த நிறுவனத்தை அழைத்து, இதற்குக் கடைசியாக எப்போது திருத்தம் வந்தது என்று கேளுங்கள். போனில் ‘அப்டேட்’ என்று வந்தால் டேட்டா போகுமே என்று தள்ளிவைக்காதீர்கள். வங்கிப் பக்கத்தில் ‘இந்தத் தளத்தின் சான்றிதழ் சரியில்லை’ என்று எச்சரிக்கை வந்தால் எக்காரணம் கொண்டும் ‘பரவாயில்லை, தொடர்க’ என்பதை அழுத்தாதீர்கள். பெயரேடு பொய் சொல்லும் நேரத்தில் உங்களுக்குக் கிடைக்கும் கடைசி எச்சரிக்கை அதுவாக இருக்கலாம். இதை அக்கம்பக்கத்துக் காம்பராக்களுக்கும் சொல்லுங்கள்.

(தொடரும்)